பதினோரு பல் பினியன்

உடலைக் குளிப்பாட்டியும் நகத்தடியில் இருந்த கறுப்பு மட்டும் போகவில்லை. ஜெயினுலாப்தீன் தன் தம்பி ஜமாலின் வலக்கையைப் பிடித்துக்கொண்டு, தன் கட்டைவிரல் நகத்தால் மெல்லச் சுரண்டினார்.

“விடுங்க பாய். முப்பது வருசத்து கிரீஸு. அவரோடயே போவட்டும்,” என்றார் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கரீம் பாட்சா.

காலையில் தாராவிச் சந்துக் குழாயடியில் பல் விளக்கப் போன ஜமால் அப்படியே சரிந்துவிட்டான். லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

கபன் துணி சுற்றி முடித்ததும் கதவுக்குப் பின்னாலிருந்து ஜமாலின் மனைவி நஸீராவின் குரல் வந்தது.

“பெரிய மச்சான், ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லும்மா.”

“பள்ளியில எந்திரிச்சு, தம்பி தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிருங்கன்னு கேப்பீய. அந்தக் காருக்கும் சேத்துக் கேட்டுராதீய. அது அவுக செஞ்சதில்ல.”

“ஜமால் சொன்னானா?”

“அவுக வாயத் தொறக்கல. சேட்டு காருக்குன்னு வாங்கின பதினோரு பல்லு பினியன் கட்டிலுக்கு அடியில துணி சுத்திக் கெடக்கு. பூட்டுனது வேறன்னா, பூட்டச் சொன்னது யாரு?”



குர்லாவில் அண்ணன் தம்பி இருவரின் கார் பட்டறை, இறந்துபோன அத்தாவின் பெயரில் நடந்தது. போன மழைக்காலத்துக்கு முன்னால் ரூஸ்தம்ஜி சேட் தன் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார். கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி. நின்ற இடத்திலிருந்து பாய வேண்டும், பூனா ரோட்டில் பறக்கவும் வேண்டும் என்றார். இரண்டும் நடக்கும் என்று வாக்குக் கொடுத்தார் ஜெயினுலாப்தீன். பாய்ச்சலுக்கு, கிளட்சுக்குப் பதிலாக எண்ணெயால் சக்கரத்தை இழுக்கும் டார்க் கன்வர்ட்டர், அதுவும் லூசானது. வேகத்துக்கு, பின்சக்கர ஆக்ஸிலில் பதிமூன்று பல் உள்ள பினியன் என்ற சின்னப் பல்சக்கரம்.

“ரெண்டும் ஒண்ணா சேராது காக்கா,” என்றான் ஜமால் அண்ணனிடம். “இந்தப் பினியனுக்கு எஞ்சின் மெதுவாத்தான் சுத்தும். அந்தச் சுத்துக்கு லூஸ் கன்வர்ட்டர் பிடிக்காது, வழுக்கிட்டே இருக்கும். மலையில ஏறையில ஆயிலு கொதிச்சிரும். பதினோரு பல்லு போடுவோம். இல்ல, டைட்டான கன்வர்ட்டராப் பாப்போம்.”

“சேட்டுக்கு வாக்குக் குடுத்தாச்சு. பூட்டு.”

பூனா ரோட்டின் கண்டாலா மலை ஏற்றத்தில் எண்ணெய் கொதித்து கியர்பாக்ஸ் கருகியது. சேட் பட்டறை வாசலில் நின்று சத்தம் போட்டபோது, தெருவே பார்த்தது. ஜெயினுலாப்தீன் இந்தியில் சொன்னார்: கியர் பார்த்தது தம்பி, தனக்குத் தெரியாது. ஒரு லாரிக்கு அடியில் ஜமாலின் ஸ்பேனர் சத்தம் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

அன்றிலிருந்து பக்கத்துப் பட்டறைக்காரர்கள், “ஜமால் பாய், இன்னைக்கு எந்த கியர்பாக்ஸ்ல முட்டை பொரிக்கிறீங்க?” என்பார்கள். ஜமாலும் சிரித்துவிட்டு, “உங்க வீட்டு முட்டையக் கொண்டாங்க,” என்பான்.

பள்ளிவாசல் முற்றத்தில் ஜமாலின் உடல் வைத்த சந்தூக்கை இறக்கி வைத்தார்கள். குர்லாத் தெருவே வந்திருந்தது. வாசலோரம், தன் பார்சித் தொப்பியைக் கழற்றாமல், ரூஸ்தம்ஜி சேட்டும் நின்றார். இமாம் ஜெயினுலாப்தீனைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவர் முன்னால் வந்தார். வழக்கமான வார்த்தைகள்தான், அத்தா அடக்கத்தின்போதும் அவர்தான் சொன்னார்.

“என் தம்பி யார் மனசையாவது நோகடிச்சிருந்தா, அல்லாவுக்காக மன்னிச்சிருங்க.”

அதோடு திரும்பிவிடலாம். அவர் திரும்பவில்லை.

“கண்டாலாவுல கருகின கார்ல தப்பான பினியனைப் பூட்டச் சொன்னது நான். அவன் வேணாம்னான். பழிய அவன் மேல போட்டேன்.”

கூட்டத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். சேட்டுக்குத் தமிழ் தெரியாது. அன்று ஜெயினுலாப்தீன் பொய்யை இந்தியில்தான் சொல்லியிருந்தார். சேட்டின் பக்கம் திரும்பி, அதையே இந்தியிலும் சொன்னார், ஒரு வார்த்தை குறையாமல்.

சேட் வாசலோரத்தை விட்டு இரண்டடி முன்னால் வந்து நின்றார்.

வரிசைகள் நெருங்கின. இமாம் ‘அல்லாஹு அக்பர்’ என்று தக்பீர் கட்டினார். ஜெயினுலாப்தீனும் கைகளைக் காதுவரை உயர்த்தினார். தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்தும் போகாமல், அவருடைய வலது கட்டைவிரல் நகத்தடியில், தம்பியின் நகத்திலிருந்து வந்த கறுப்பு கொஞ்சம் ஒட்டியிருந்தது.