கிழங்கு குளித்த தண்ணீர்

மகளுக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து உலைக்காரரின் வீட்டில் எல்லோரும் பன்னைத்தான் திட்டினார்கள். அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். வயது முப்பத்து மூன்று, காற்றடித்தால் சாய்ந்துவிடும் உடம்பு. காலையில் வண்டியை எடுத்தால் ஒவ்வொரு கடைசி நிறுத்தத்திலும் ஒரு பன், ஒரு டீ. "உன் வாய்தான் உனக்கு எமன்" என்று முதலில் சொன்னவர் உலைக்காரர். பிறகு அவள் அண்ணன் சொன்னான், அண்ணி சொன்னாள். கடைசியில் அவளே சொல்லத் தொடங்கிவிட்டாள். யார் விசாரித்தாலும், "நானாத் தேடிக்கிட்டதுங்க" என்று ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்தால் அவள் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

டாக்டரம்மாவுக்கு மட்டும் பன் மேல் அவ்வளவு சந்தேகம் இல்லை. "குடும்பத்துல யாருக்கும் கிடையாது, உடம்புல சதையும் கிடையாது. அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லியனுப்பினார். அதனால்தான் மூன்று பேரும் மூன்று பிளாஸ்டிக் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எதிரே எடை பார்க்கும் மெஷின், திறக்க முடியாத ஜன்னல், மேஜை நிறையக் காகிதம்.

"அம்மா, இவங்க உங்க வயித்துல இருந்தப்ப நீங்க சரியாச் சாப்பிட்டீங்களா?"

"அது எதுக்குங்க இப்போ?" என்று உலைக்காரர் நடுவில் புகுந்தார்.

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "உடம்புக்குள்ள ஒரு புத்தகம் இருக்கு ஐயா. மரபணுன்னு சொல்றோமே, அது. அப்பா அம்மா கொடுத்தது. அதுல இருக்கிற எழுத்து மாறாது. ஆனா எந்த வரியைப் படிக்கணும், எதைப் படிக்காமத் தாண்டணும்னு எழுத்து மேல பொடிப்பொடியா அடையாளம் விழும். கண்ணுக்கே தெரியாத மூலக்கூறுங்க."

"மெய்யெழுத்து மேல புள்ளி வெக்கிற மாதிரியா?" என்றார் உலைக்காரர். நாற்பத்தைந்து வயதில், தொழிற்சங்கக் கட்டடத்தில் சாயங்கால வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றவர். அந்தப் புள்ளியிடம் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

"அதேதான்!" டாக்டரம்மா மேஜையைத் தட்டினார். "அந்தப் புள்ளிக்கு மை சாப்பாட்டுலேருந்து வரணும். முதல் மாசங்கள்ல அம்மா பட்டினி கிடந்தா சில இடத்துல புள்ளி விழாது, சில இடத்துல தப்பா விழும். வெளிய பஞ்சம் போலன்னு குழந்தையோட உடம்பு நெனச்சுக்கும். கிடைக்கிறதையெல்லாம் சேத்து வெக்கப் பழகிடும். அப்புறம் வயிறாரச் சாப்பிடற காலத்துல வளந்தா, அந்தப் பழக்கமே சர்க்கரையாத் திரும்பலாம். எல்லாருக்கும் வராது. வர்ற வாய்ப்பு கூடும்."

நல்ல கேள்வி கேட்டோம் என்று உலைக்காரருக்கு வந்த பெருமை, டாக்டரம்மா முடிப்பதற்குள் எங்கேயோ ஓடிப்போயிற்று.

அவருடைய வாழ்க்கையில் நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட ஐந்து மாதங்கள் உண்டு. பாட்டில் கம்பெனி கதவடைத்துக் கிடந்த ஐந்து மாதங்கள். அவர் உலைக்கு மணலும் கண்ணாடி உடைசலும் தள்ளியவர். அவர் மனைவி கொட்டகையில் பாட்டில்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் கீறல் பார்த்தவள். வேலைநிறுத்தமா இல்லையா என்று முற்றத்தில் கேட்டபோது முதலில் உயர்ந்தது அவர் கை. பதிலுக்கு நிர்வாகம் கதவைப் பூட்டியது. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக உலை ஆறிப்போனது. அந்தத் தெருவில் அவ்வளவு குருவிகள் கத்திக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் எல்லோர் காதிலும் விழுந்தது. மகனுக்குக் கன்னத்தில் குழி விழும் என்பதையே பகல் வெளிச்சத்தில் அப்போதுதான் பார்த்தார். வாசலில் கூடாரம், தகர மூடியில் தாளம், பாட்டு. பானை என்று பட்டப்பெயர் வாங்கியவன்தான் பொதுச் சமையல். நாலு கிழங்கைப் போட்டு நாற்பது பேருக்குக் கொதிக்க வைப்பான். "கிழங்கு குளிச்ச தண்ணி ரெடி! வந்து குடிங்கடா ராஜாக்களா!" என்று கூப்பிடுவான். சிரித்துக்கொண்டே குடிப்பார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் உலைக்காரர் இதைச் சொல்லாமல் அனுப்பமாட்டார். "ஒரு நாள்கூடப் பசி தெரியலைங்க. போராட்டம்னா அப்படி!" என்பார்.

கை உயர்ந்த அன்றைக்கு அவர் மனைவிக்கு இரண்டு மாதம்.

"அப்படியெல்லாம் குறை ஒண்ணும் இல்லீங்க" என்றார் டாக்டரம்மாவிடம். "நல்லாத்தான் சாப்பிட்டா."

மனைவி சட்டென்று திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பாவே சொல்லிட்டாரு" என்று மகள் சிரித்தாள். அதே சிரிப்பு. "பன்னுதான் டாக்டர். நானாத் தேடிக்கிட்டது. எழுதிக்குங்க."

டாக்டரம்மாவின் பேனா காகிதத்தைத் தொட்டது.

"எழுதாதீங்க" என்றார் உலைக்காரர். "பொய் சொல்லிட்டேன். அஞ்சு மாசம் கம்பெனி மூடிக் கிடந்தது. முதல் கை தூக்கினது நான். இவ வயித்துல இருக்கான்னு தெரிஞ்சேதான் தூக்கினேன்." மகள் பக்கம் திரும்ப அவரால் முடியவில்லை. எடை மெஷினைப் பார்த்தே சொன்னார். "பன்னு இல்லம்மா. நான்தான். நானே பண்ணிட்டு உன்னைத் திட்டியிருக்கேன்."

மகள் நாற்காலியோடு அவர் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கதையை நீ எத்தனை வாட்டி சொல்லியிருப்பே" என்றாள். "கொடி இருந்துச்சு, பாட்டு இருந்துச்சு, பானை மாமா இருந்தாரு. நானும் உள்ள இருந்தேன்னு ஒரு வாட்டி சொன்னியாப்பா?"

மனைவிதான் வாயைத் திறந்தாள்.

"அடேயப்பா, மொத்தத்தையும் நீங்களே தூக்கிக்கிட்டீங்களா? முதல் கை உங்களுதுன்னா ரெண்டாவது கை யாருது? என்னை யாரும் கையைப் பிடிச்சுத் தூக்கிவிடல. கொட்டகை வரிசையில தூக்கின கையை எண்ண வந்தவன் என்கிட்ட வந்ததும் என்ன சொன்னான்? 'இங்க ஒண்ணரை'ன்னான்."

"அந்த அரை நானா?"

"வேற யாரு, பானையா?"

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது வேறு சிரிப்பு. கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

"இது கோர்ட்டு இல்லீங்க" என்றார் டாக்டரம்மா. "யார் தப்புன்னு எனக்கு வேணாம். எந்த மாசம் என்ன சாப்பிட்டாங்கன்னு வேணும். அடுத்து என்ன சோதனை பண்றதுன்னு முடிவெடுக்க அது உதவும்." கட்டம் போட்ட தாள் ஒன்றை நீட்டினார். மகளிடம், "அதுக்காகப் பன்னுக்கு விடுதலைன்னு நெனச்சுடாதீங்க. இனிமே சாப்பிடறதும் புள்ளி வெக்கும்" என்றார்.

வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் மகள் நடுவில் உட்கார்ந்து தாளை மடியில் விரித்தாள். முதல் இரண்டு மாதமும் வழக்கம்போல என்று எழுதினாள். "மூணாவது மாசம்?"

"அது வேலைநிறுத்தம் ஆரம்பிச்ச மாசம்" என்று உலைக்காரர் நிமிர்ந்தார். "தலைவர் வந்து கேட்டுல நின்னு ஒரு பேச்சு பேசினாரு பாரு..."

"பேச்சு வேணாம்ப்பா. தட்டுல என்ன?"

அவர் யோசித்தார். கொடியின் கிழிசல்கூட நினைவிருந்தது. தட்டு நினைவுக்கு வர நேரமாயிற்று. "காலையில ஒண்ணும் கிடையாது. மத்தியானம் கிழங்குத் தண்ணி. உங்கம்மாவுக்கு ரெண்டு அகப்பை. பிள்ளைத்தாச்சிக்கு ரெண்டுன்னு பானை சட்டமே போட்டிருந்தான்."

மகள் இரண்டு என்று எழுதினாள்.

"ஒண்ணுன்னு எழுது" என்றாள் அம்மா.

"ரெண்டு ஊத்துவானே, நானே பாத்திருக்கேன்."

"ஊத்துவான். நீங்க கொடி கட்ட ஏணியில இருப்பீங்க. உங்க தட்டு கீழ இருக்கும்."

உலைக்காரருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் தட்டில் மட்டும் விளிம்பு வரைக்கும் இருக்கும். மற்றவர்கள் கேலிகூடப் பண்ணியிருக்கிறார்கள்.

"பானைக்கு என் மேல தனிப் பாசம்னு நெனச்சேன்."

"அவனுக்கு உங்களைக் கண்டாலே ஆகாது" என்றாள் மனைவி. "நான்தான் ஒரு அகப்பையை உங்க தட்டுல ஊத்திடுவேன். உலைக்கு முன்னாடி நிக்கிற உடம்பு, பசி தாங்காது. எனக்கு வாந்தி வேற. உள்ள போனது தங்காது. அன்னிக்கு இந்தப் புள்ளி விவகாரமெல்லாம் யாருக்குத் தெரியும்?"

மகளின் பேனா நின்றது. அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு இரண்டை அடித்து ஒன்று என்று எழுதினாள். எழுதின கையாலேயே அம்மாவின் முழங்காலை ஒரு தரம் அழுத்தினாள்.

"நாலாவது மாசம்?"

உலைக்காரர் வாயைத் திறந்தார். நூறு தடவை சொன்ன கதை, ஒரு சொல்லும் வரவில்லை. மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள்.

"நாலாவது மாசம் பூரா மழை" என்றாள். "விறகு பத்தல. மூணு நாள் பானை அழுதுகிட்டே ஊதினான். நாங்க பொம்பளைங்க பாட்டில் கொட்டகையோட பின்சுவருக்குப் போய்..."

மழை பெய்ததே உலைக்காரருக்கு நினைவில்லை. பெஞ்சில் இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கமாக நகர்ந்து, காதைக் கொடுத்தார்.

"அப்புறம்?" என்றார்.