ஆறு மணிக்கு இன்னும் ஏழு நிமிடம்

சிவப்பு வட்டம் வரைந்த எல்லைக்கு ஒரு முழம் முன்னால் வேனை நிறுத்தினான் வில்மர். அப்பால் லண்டனின் நடுப்பகுதி. மாலை ஆறு மணிக்கு முன் நுழைந்தால் நெரிசல் கட்டணம் பதினைந்து பவுண்டு. அவனுக்கு ஒரு மணி நேரம் தரை துடைத்தால் பன்னிரண்டு. ஆனால் ஆறு இருபதுக்கு ஆற்றுக்கு அக்கரையில் அலுவலகத்தில் நிற்க வேண்டும். இரண்டு முறை பிந்தியாயிற்று. மூன்றாவது முறை என்றால் வேலை போச்சு.

பின்னால் பத்துப் பதினைந்து வண்டிகள், எல்லாம் ஆறு மணிக்காக அதே நோன்பில் உறுமிக்கொண்டிருந்தன. ஓர விளம்பரப் பலகையில் ஒரு குழந்தை, மாநகரத்தின் தூய காற்றை ஆழ இழுத்தது.

நோன்பில்லாதவன் ஒருவன்தான். சுவர்ப் பூச்சுக்காரன் கேரி, வில்மருக்கு நேர் பின்னால், லாரியில். காலையிலேயே காசு கட்டிவிட்டவன்.

"ஏய் துடைப்பக்கட்டை! வழிய விடுடா!" என்று ஹார்னை அமுக்கினான்.

"ஏழே நிமிஷம்ணே!"

"உன் ஏழு நிமிஷத்துக்கு என் சிமெண்ட் இறுகிப்போவும்டா!"

இறங்கி வந்து பூச்சு தேய்க்கும் மட்டப் பலகையால் வேனின் பக்கக் கண்ணாடியை அடித்து நொறுக்கினான். வில்மர் மாப்புக் கட்டையோடு குதித்தான். முதல் அடி கேரியின் காதில், இரண்டாவது முழங்காலில். கேரி நெற்றியால் முட்டினான். வில்மரின் மூக்கு நறுக்கென்றது. இருவரும் தார்ச் சாலையில் புரண்டார்கள். பின் வண்டிக்காரர்கள் இறங்காமலே, "விடாத, விடாத!" என்றார்கள். யாரை என்று சொல்லவில்லை.

பளபளக்கும் தலைக்கவசத்தோடு ஒருவர் சைக்கிளை நிறுத்தினார்.

"நண்பர்களே, எஞ்சின அணைச்சுட்டு அடிச்சுக்கலாமே? குழந்தைங்க சுவாசிக்கிற காத்து."

"நீ மூச்சு விடுறத நிறுத்துய்யா, காத்து மிச்சமாகும்!" என்று கேரி ஒரு பல்லைத் துப்பினான். அவர் வருத்தத்தோடு படம் எடுத்துக்கொண்டு போனார்.

கேரி லாரியில் ஏறினான். கொஞ்சம் பின்னுக்கு எடுத்தான், வேனின் முதுகில் ஒரே முட்டு. ஆளில்லாத வேன் கைப்பிரேக்கோடு கீச்சிட்டபடி எல்லையைத் தாண்டியது. கம்பத்தின் கேமரா வண்டி எண்ணைத்தான் பிடிக்கும், உள்ளே ஆள் இருக்கிறானா என்று பார்ப்பதில்லை. மணி ஐந்து ஐம்பத்தெட்டு.

இனி நின்று என்ன பயன்? வில்மர் மாப்பை அள்ளிக்கொண்டு ஓடிப்போய் ஏறினான். அழுத்தினான். சாலை வெறிச்சோடிக் கிடந்தது.

அலுவலகத்தில் மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்து மலர்ந்தார்.

"எட்டு நிமிஷம் முன்னாடியே! பாத்தியா? கட்டணம் வந்ததும் ரோடு எவ்ளோ காலி! என்னமோ ஏழைங்க வயித்துல அடிக்குதுன்னு கத்துறாங்க."

"ஆமா சார்."

"மூக்குல என்ன?"

"கதவு சார்."

பளிங்குத் தரையில் ரத்தச் சொட்டு விழுந்துகொண்டிருந்தது, வாசலிலிருந்து வரிசையாக.

"சரி, முதல்ல அதத் துடை."

வில்மர் மாப்பை எடுத்தான். கட்டை இரண்டாக முறிந்திருந்தது. மண்டியிட்டு, சட்டையைக் கழற்றித் துடைத்தான். துடைக்கத் துடைக்கச் சொட்டியது.