மேஜருக்கு ஒரு ரோஜாச் செடி

நார்மன் டாப்செல் குடியிருந்த தெருவில் 'சாரி' என்ற சொல்லுக்குப் பஞ்சமே கிடையாது. லண்டனுக்குத் தெற்கே, ஒட்டி ஒட்டிக் கட்டிய நாற்பது வீடுகள். அங்கே யாராவது உங்கள் காலை மிதித்துவிட்டால் நீங்கள்தான் சாரி சொல்ல வேண்டும். நார்மன் தபால்காரரிடம் சொல்லுவார், ரொட்டிக் கடையில் சொல்லுவார், ஒருமுறை துணிக்கடைப் பொம்மையை இடித்துவிட்டு அதனிடமும் சொன்னார். அத்தனையில் ஒன்றாவது மனதிலிருந்து வந்ததா என்றால், அது வேறு விஷயம்.

தெருவாசிகள் கமிட்டிக்குத் தலைவர் அவர். ஏப்ரல் மாதம் தன் கையாலேயே ஒரு நோட்டீஸ் எழுதி, வீட்டுக்கு வீடு கதவிலிருந்த தபால் துவாரத்தில் போட்டார். 'தோட்டத்துக்கு வரும் நரிகளுக்குத் தயவுசெய்து தீனி வைக்காதீர்கள். குப்பைத் தொட்டிகளைக் கவிழ்க்கின்றன. சிரமத்துக்கு சாரி.' எல்லோருக்கும் எழுதியதுபோல இருந்தாலும், குறி யார்மேல் என்பது தெருவுக்கே தெரியும். பக்கத்து வீட்டு க்ளெனிஸ். பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து ஓய்வுபெற்றுத் தனியாக இருப்பவர். தினமும் மாலை ஆறு மணிக்கு, காது கிழிந்த ஒரு நரிக்கு ஜாம் தடவிய ரொட்டி வைப்பார். சண்டைக்குப் போய்த் திரும்பினவன் மாதிரி இருக்கிறான் என்று அதற்கு மேஜர் என்று பெயரும் வைத்திருந்தார்.

நோட்டீஸ் போட்ட அன்றே க்ளெனிஸ் முக்காலியில் ஏறி, வேலிக்கு மேலே தலையை நீட்டினார். "சாரி நார்மன், உங்களுக்கு இவ்வளவு தொல்லையா இருக்கும்னு தெரியாமப் போச்சு. இனிமே வைக்கமாட்டேன்."

சொன்னபடியே நிறுத்திவிட்டார். ஆறு மணியானால் தோட்டத்துப் பக்கம் பார்க்க மனம் தாங்காமல், திரையை இழுத்துவிட்டு டிவி போட்டுக்கொள்வார் என்று கேள்வி.

அந்தப் பக்கம் சாப்பாடு நின்ற மூன்றாம் நாள் மேஜர் இந்தப் பக்கம் குதித்தது. அன்று காலை திரையை விலக்கிய நார்மன் நிஜமாகவே நரி முகத்தில்தான் விழித்தார். யோகம் ஒன்றும் அடிக்கவில்லை. மாலையிலும் அதே முகம்தான் வந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, அவர் தட்டிலிருந்த சாஸேஜை வைத்த கண் வாங்காமல் பார்த்தது. தொலையட்டும் என்று ஒரு துண்டை வீசினார். அது தொலையவில்லை. ஒரு வாரத்தில், இறைச்சிக் கடையில் அதற்கென்று தனியாகச் சாஸேஜ் வாங்க ஆரம்பித்துவிட்டார்.

"உங்க நோட்டீஸ் நரிக்குப் போய்ச் சேரலபோல இருக்கே," என்றார் மனைவி பாலீன்.

"இது வேற நரி."

"ஓ, காது கிழிஞ்ச வேற நரியா?"

"ரெண்டு நாள்ல தானா போயிடும், பாலீன்."

"என்னமோ செய்ங்க. க்ளெனிஸுக்குத் தெரியவரட்டும், மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கப்போறீங்கன்னு பாக்கறேன்."

உண்மையைச் சொன்னால், நார்மனுக்கு அந்த நரியைப் பிடித்துப்போயிற்று. முப்பது வருடம் பஸ் நேர அட்டவணை போட்டு ஓய்வுபெற்றவர் அவர். ஆறு மணி என்று போட்ட எந்த பஸ்ஸும் ஆறு மணிக்கு வந்ததில்லை. மேஜர் வந்தது.

ஜூன் மாதம் க்ளெனிஸ் வாசலுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது.

"சாரி நார்மன், ஒண்ணு கேக்கணும். மேஜர எங்கயாவது பாத்தீங்களா? ஆறு வாரமா ஆளையே காணோம்."

"இல்லையே," என்றார் நார்மன்.

"அப்ப செத்துத்தான் போயிருக்கான். நாந்தான் பட்டினி போட்டுக் கொன்னுட்டேன். திடுதிப்புனு நிறுத்தினா பாவம் எங்க போவான்? என் தப்பு."

சொல்லிவிட வேண்டியதுதான் என்று நார்மன் வாயைத் திறந்தார். "ரொம்ப சாரி, க்ளெனிஸ்," என்றுதான் வந்தது. அந்தத் தெருவில் துக்கம் விசாரிப்பதற்கும் அதே சொல்தான். க்ளெனிஸ் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

மேஜர் நினைவாக க்ளெனிஸ் தோட்டத்தில் ஒரு ரோஜாச் செடி நட ஏற்பாடாயிற்று. மனசாட்சி உறுத்தியதால் நார்மன் தன் கொட்டகையிலிருந்து உயர்ரக எலும்புத்தூள் உரம் ஒரு மூட்டையை எடுத்துப்போய், அவரே குழியில் கொட்டினார். எலும்புத்தூள் வாசனை நரிக்குக் கல்யாணப் பத்திரிகை மாதிரி என்பது தோட்டம் போடுகிறவர் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். அன்றைக்குப் பார்த்து மறந்துவிட்டது. பத்துப் பேர் டீயும் கேக்குமாகச் சுற்றி நின்றார்கள்.

"கமிட்டித் தலைவர் நீங்கதானே, ரெண்டு வார்த்தை சொல்லுங்க," என்றார் க்ளெனிஸ்.

"மேஜர்... நேரம் தவறாதவர்," என்று ஆரம்பித்தார் நார்மன். பாலீன் கேக்கை வாயில் அடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

அன்று மாலை, 'மறைந்த' மேஜர் வழக்கம்போல வந்து நான்கு சாஸேஜ் சாப்பிட்டது. போகிற போக்கில், படியில் கிடந்த நார்மனின் வீட்டுச் செருப்பில் ஒன்றையும் கவ்விக்கொண்டு போயிற்று. போனால் போகட்டும் என்று விட்டார். முன்பு இடுப்பு ஆபரேஷனுக்காக அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, தொலையாமல் இருக்க எல்லா உருப்படியிலும் பாலீன் அவர் பெயர் போட்ட துணி நாடாவைத் தைத்திருந்தது அப்போது அவர் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் ஆறு மணிக்கு மேஜர் வரவில்லை. ஆறேகால் ஆயிற்று. நார்மன் கையில் தட்டோடு கண்ணாடிக் கதவருகே நின்று வேலியையே பார்த்துக்கொண்டிருந்தார். நிஜமாகவே ஏதாவது ஆகிவிட்டதோ? கார் மோதியிருக்குமோ? ஆறு வாரமாக க்ளெனிஸ் பட்ட பாடு இதுதான் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

வாசல் மணி அடித்தது. தட்டைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் போய்த் திறந்தார்.

க்ளெனிஸ் நின்றிருந்தார். கையில் மண் அப்பிய செருப்பு. உள்ளே வெள்ளை நாடாவில் 'என். டாப்செல்' என்று சிவப்பு நூலில் தெளிவாக இருந்தது.

"சாரி நார்மன், சாப்பிடற நேரத்துல தொந்தரவு பண்றேன். யாரோ ரோஜாச் செடியப் பிடுங்கிப் போட்டுட்டாங்க. குழிக்குள்ள இது கிடந்துது. உங்களுதுதான்னு நினைக்கறேன்."

அவர் கண் தட்டிலிருந்த சாஸேஜுக்குப் போயிற்று. அங்கிருந்து நார்மனின் தோளுக்கு மேலே, நடைக்கு அப்பால், கண்ணாடிக் கதவுக்குப் போயிற்று. அதன் பின்னால் மூக்கெல்லாம் எலும்புத்தூளோடு மேஜர் உட்கார்ந்திருந்தது. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, கண்ணாடியைப் பிறாண்டியது.

க்ளெனிஸ் செருப்பை மெதுவாகக் கீழே வைத்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டு நின்றது.

"நல்லா குண்டாயிட்டான்," என்றார்.

"சாரி," என்றார் நார்மன். வாழ்நாளில் முதல்முறையாக அது மனதிலிருந்து வந்தது.

எப்போதும்போல 'பரவாயில்லை' என்று பதில் வரும் என்று காத்திருந்தார்.

"எதுக்கு?" என்று கேட்டார் க்ளெனிஸ்.

நாற்பது வருடத்தில் அந்தத் தெருவில் ஒருத்தரும் அப்படித் திருப்பிக் கேட்டதில்லை.