ஓடாதவரை என்னுடைய கார்

1

அண்ணனைத் திட்டி அனுப்ப நினைத்த ஒரு வாட்ஸ்அப் செய்தியாகத்தான் இது தொடங்கியது. அடிக்க அடிக்க நீண்டது. இவ்வளவு நீளமாகத் திட்டினால் அவன் படிக்க மாட்டான், நீங்கள் படிப்பீர்கள்.

முதலில் எழுதிய வரி: அப்பாவின் பழைய கார் அப்பாவைப் போலவே மூச்சுத் திணறி… (வேண்டாம். செத்தவரை உவமைக்கு இழுக்கக் கூடாது.)

நேராகச் சொல்கிறேன். அப்பா போன பிறகு அவருடைய கார் என் வீட்டுக் கொட்டகையில் நின்றது. ஸ்டார்ட் ஆகும், உடம்பெல்லாம் நடுங்கும், அணைந்துவிடும்.

"இந்தக் குப்பைய நீயே வச்சுக்கோம்மா" என்றான் அண்ணன். அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

2

(இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். என் வியர்வை இதில்தான் இருக்கிறது.)

வந்த மெக்கானிக்கெல்லாம் கார்புரேட்டரைத் திருகிவிட்டுப் போனார்கள். கோளாறு அங்கே இல்லை. என்ஜினிலிருந்து கிளம்பும் வேக்குவம் குழாய்களில் இருந்தது; என்ஜினின் உறிஞ்சும் இழுப்பைக் கொண்டுபோகிற மெல்லிய ரப்பர் குழாய்கள். ஒன்றில் கீறல் விழுந்தாலும் வேண்டாத காற்று உள்ளே புகுந்து என்ஜின் தடுமாறும். என்ஜின் ஓடும்போதே ஒவ்வொன்றாக விரலால் நசுக்கினேன். ஒன்றை நசுக்கியதும் நடுக்கம் நின்றது. கழற்றிப் பார்த்தால் பழைய செருப்பு வார் மாதிரி வெடித்திருந்தது.

மற்றவையும் அதே வயசு. எல்லாவற்றையும் மாற்றினேன். ஒன்றைக் கழற்றி, அதே நீளத்துக்குப் புதியதை வெட்டி மாட்டிய பிறகுதான் அடுத்ததைத் தொட்டேன். மொத்தமாகப் பிடுங்கினால் எது எங்கே என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும்.

கார் ஓடியது. சந்தோஷத்தில் வீடியோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். (இந்தக் கதையிலேயே முட்டாள்தனமான வரி.)

3

அண்ணன் அளவுக்கு மீறிக் கெட்டவனாக வருகிறானோ? ஒரு நல்ல குணம் சேர்த்துப் பார்த்தேன்: சின்ன வயதில் என் சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுப்பான்.

(அடித்தது அப்பா. இவன் பக்கத்தில் நின்றான்.)

மறுநாளே வந்துவிட்டான்.

"அட, நல்லாத்தான் ஓடுது! யாரும்மா சரி பண்ணது?"

"நான்தாண்ணா."

"சும்மா சொல்லாத." சாவிக்குக் கை நீட்டினான். "அப்பா வண்டி. மூத்தவன்கிட்ட இருக்கறதுதான் முறை."

"நீதானே வச்சுக்கச் சொன்ன?"

"அப்ப ஓடலையே."

4

முடிவு ஒன்று: சாவியைத் தராமல் சண்டை போடுகிறேன். (அம்மா என் பக்கம் பேசுவதாக எழுதினேன். எனக்கே சிரிப்பு வந்தது.)

முடிவு இரண்டு: சாவியைக் கொடுத்துவிடுகிறேன். அவன் ஏறி உட்காருகிறான். "போறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடறேன்" என்று பானட்டைத் திறக்கிறேன். சின்னக் குழாய் ஒன்றை உருவினால் போதும், தெருமுனை தாண்டாது. பழையபடி குப்பை, பழையபடி என்னுடையது.

மூன்றாவதும் உண்டு. பிரேக்குக்குப் போகிற தடித்த குழாயைக் கழற்றி, என்ஜின் பக்கத்து வாயை அடைத்துவிட்டால் என்ஜினுக்கு ஒன்றும் தெரியாது. பிரேக் மட்டும் கல்லாகிவிடும், எவ்வளவு மிதித்தாலும் வண்டி லேசில் நிற்காது. என் வயிற்றெரிச்சல் எழுதிய வரி இது. அழிக்கப் பார்த்தேன். அழிக்கவில்லை.

"என்னம்மா, ஆச்சா?" உள்ளேயிருந்து கத்துகிறான்.

பானட் மறைப்பதால் என் முகம் அவனுக்குத் தெரியாது. அவனை வெறுக்கிறேன். அண்ணன் என்பதும் மறந்து தொலைய மாட்டேன் என்கிறது. எதையும் தொடாமல் பானட்டை மூடிவிட்டுக் கையாட்டுகிறவளைத்தான் உங்களுக்குப் பிடிக்கும், தெரியும். அப்படியானால் நீங்களே வந்து மூடுங்கள்.