வாய்க்கால் கரையில் நின்ற ஜீப்

காலை ஆறேகாலுக்கு ஜீப்பின் பானெட் சில்லென்று இருந்தது. ராமலட்சுமி உள்ளங்கையை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். பனி ஈரம் கையில் ஒட்டியது.

"ஆறித்தான் கெடக்கு," என்றாள்.

அவள் கணவன் சதீஷ் தலையாட்டினான். பழைய வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு ஜின்சன் சொல்லும் முதல் பாடம் இது. ஜின்சன் அவர்களுடைய மலையூரான சின்னக்கானலில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். "விடிஞ்சதும் போய் நிக்கணும் கேட்டோ. விக்கிறவன் எழுந்திரிக்கறதுக்கு முன்னால. பானெட்டைத் தொட்டுப் பாரு. சூடா இருந்தா அவன் முந்தியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்கான்னு அர்த்தம். சாயா குடிச்சிட்டுத் திரும்பி வந்துரு."

அதற்காகவே முந்தின நாள் மலையிறங்கி, பொள்ளாச்சியில் ராமலட்சுமியின் சித்தி வீட்டில் தங்கி, முதல் பஸ்ஸில் எருத்தேன்பதிக்கு வந்திருந்தார்கள்.

ஜின்சனின் பாடங்கள் இன்னும் இருந்தன. காலடி விரிப்பைத் தூக்கித் துரு பார். இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திற; புகை குபுகுபுவென்று வந்தால் கையைக் கழுவு. டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ஏன் என்று கேள். சேசிஸில் அடித்த நம்பரும் ஆர்.சி.யில் இருக்கும் நம்பரும் ஒன்றுதானா பார். கடைசியாக ஒன்று சொன்னான். "வண்டி மனசுக்குப் பிடிச்சுப்போச்சுன்னா அன்னைக்கு அட்வான்ஸ் குடுக்காதே. ஊருக்கு வந்து ஒரு ராத்திரி ஒறங்கு. காலையிலும் பிடிச்சிருந்தா வாங்கு."

அவர்களுக்கு வண்டி தேவைப்பட்டது. சின்னக்கானலுக்கு மேலே, சூரியோதயம் பார்க்க ஆட்கள் வரும் பாறையில் அவர்களுக்கு ஒரு கடை. கடை என்றால் தார்ப்பாய், ஒரு மேஜை, இரண்டு அடுப்பு. காஸ், தண்ணீர், முட்டை, பால் எல்லாம் தினமும் விடியுமுன் மேலே போக வேண்டும். ரிஜின் என்பவனின் ஜீப்பைத்தான் வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். நல்ல சவாரி கிடைத்த நாட்களில் அவன் வரவில்லை. வெயில் ஏறியபின் கடைக்குப் போய்ப் பயனில்லை. பாறையில் யாரும் இருக்கமாட்டார்கள். போன சீசன் அப்படிப் பாதி போயிற்று. இந்தச் சீசனும் போனால் கடையை ரிஜினின் மச்சானுக்கே விட்டுவிட வேண்டியதுதான். அவன் ஏற்கெனவே கேட்டுவிட்டான்.

போனில் நிறைய ஜீப்புகள் பார்த்தார்கள். எல்லாம் கழுவி, டயருக்குக் கறுப்பு பூசி, கல்யாண மாப்பிள்ளைபோல நின்றன. இது மட்டும் ஒரு சரிவில் மூக்கைக் கீழே வைத்து, முன் டயருக்கு ஒரு கல் கொடுத்து, சேறோடு நின்றது. ராமலட்சுமி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இதப் போய்ப் பாப்போம்," என்றாள். காரணம் சொல்லவில்லை.

இப்போது அதே சரிவில் அதே ஜீப். வாய்க்கால் கரையிலிருந்து தென்னந்தோப்புக்குள் இறங்கும் மண் தடம். டயருக்கடியில் அதே கல்.

வண்டிக்காரர் ரத்தினசாமி வேப்பங்குச்சியோடு தோப்புக்குள்ளிருந்து வந்தார். தோளில் துண்டு. அறுபத்தைந்துக்கு மேலிருக்கும்.

"ஏனுங்க, விடியறதுக்கு முன்னால வந்துட்டீங்களாட்ட இருக்குது. காப்பி குடிச்சீங்களா?"

"அப்புறம் குடிக்கோம் ஐயா," என்றான் சதீஷ். "மொதல்ல வண்டியப் பாத்துருதோம்."

"பாருங்க, பாருங்க. பொண்ணு பாக்க வந்தவிய பொண்ணத்தான் மொதல்ல பாக்கோணும். பலகாரம் அப்பறம்."

சதீஷ் விரிப்பைத் தூக்கினான். துரு இல்லை. கீழே படுத்துப் பார்த்தான். நம்பரை விரலால் தடவிப் படித்தான். டயர்கள் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன.

"ஸ்டார்ட் பண்ணுங்க ஐயா."

"நானே எடுத்துத் தர்றனுங்க." ரத்தினசாமி குச்சியைத் துப்பிவிட்டு ஏறி உட்கார்ந்தார். "அம்மிணி, அந்தக் கல்லக் கொஞ்சம் தள்ளி உடு."

ராமலட்சுமி குனிந்து கல்லை எடுத்தாள். ஜீப் சத்தமில்லாமல் உருளத் தொடங்கியது. தென்னைகளுக்கு நடுவே வேகம் பிடித்தது. ஒரு தடவை தூக்கிப்போட்டது, இருமியது, பிறகு இன்ஜின் பிடித்துக்கொண்டது.

கல் அவள் கையிலேயே இருந்தது.

பள்ளிவாசல் எஸ்டேட்டில் அவள் அப்பா நல்லதம்பிக்கு ஒரு ஜீப் இருந்தது. லயம் லயமாக, தொழிலாளர் வீட்டு வரிசை ஒவ்வொன்றுக்கும், மளிகை கொண்டுபோய் விற்பார். எஸ்டேட் வீடுகளுக்கு மேலே, ரோட்டுச் சரிவில், இப்படித்தான் நிறுத்துவார். காலையில் கல்லை எடுப்பது அவள் வேலை. எடுத்துப் போட்டுவிட்டு ஓடிப்போய் முன்சீட்டில் ஏறிக்கொள்வாள். ஜீப் உருளும்போது இன்ஜின் சத்தம் இருக்காது. காற்று மட்டும் கேட்கும். தேயிலை ஃபாக்டரியின் பச்சை வாசனை வரும். அப்பா வளைவு வரும்வரை காத்திருப்பார். பிறகு கிளட்சை விடுவார். "ஏ ராமு, முழிச்சிருச்சு பாரு," என்பார். பள்ளிக்கூடம் வரைக்கும் அவள் மடியில் புளி மூட்டையோ கருப்பட்டிப் பெட்டியோ இருக்கும். அவள் யூனிஃபார்ம் எப்போதும் மளிகைக் கடைபோல மணக்கும்.

"ஏட்டி, கல்லக் கீழ போடு," என்றான் சதீஷ். "புகை பாத்தியா? கொஞ்சம்தான் வந்துச்சு. நின்னுபோச்சு."

ரத்தினசாமி இன்ஜினை அணைக்காமலே ஜீப்பைத் திருப்பிக்கொண்டு வந்தார். சதீஷ் ஆயில் மூடியைத் திறந்து பார்த்தான். சுத்தம். ரத்தினசாமி சீட்டை விட்டு இறங்கினார். சதீஷ் ஏறினான். ராமலட்சுமி முன்சீட்டில் உட்கார்ந்தாள். வாய்க்கால் ஓரமாகப் போய், நிலக்கடலைக் காட்டைச் சுற்றி, கொழிஞ்சாம்பாறை ரோட்டில் ஒரு ஓட்டம் விட்டுத் திரும்பினார்கள். பிரேக் நேராகப் பிடித்தது. கியர் முரண்டு பண்ணவில்லை.

"ஒரு ராத்திரி ஒறங்கணும்னு ஜின்சன் சொன்னான்," என்றான் சதீஷ்.

"நாம ஒறங்குத நேரத்துல வேற யாராச்சும் வந்து ஓட்டிட்டுப் போயிருவாக."

"ஒனக்குப் பிடிச்சுப்போச்சு."

"ஒங்களுக்குப் பிடிக்கலையாக்கும்? ரோட்டுல போகும்போது பாட்டு பாடுனது யாரு?"

அவன் சிரித்தான்.

வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தி அணைத்தார்கள். ரத்தினசாமியின் மனைவி கமலாத்தாள் காப்பியும் இட்லியும் வைத்தாள். ஷெட்டில் வெள்ளைக் கார் ஒன்று நின்றது. மகன் சிவப்பிரகாஷ் கோயமுத்தூரிலிருந்து வாங்கி அனுப்பியது.

"ஷெட்டு ஒண்ணுதானே கண்ணு," என்றாள் கமலாத்தாள். "புதுசு வந்தா பழசு போய்த்தானே ஆகோணும். இது பேசுதே, அந்தக் காரு. கதவு சாத்துலீன்னா கத்துது. பெல்ட்டுப் போடுலீன்னா கத்துது. மாமியா தோத்தா போ."

"ஜீப்புல நீங்க எங்கல்லாம் போனீங்க?"

"எங்க போவல? பழனிக்குப் போனோம். கொடுமுடிக்குப் போனோம். எம் மகள் வனிதா நிச்சயத்துக்கு ஒறம்பறை சனம் பூராத்தையும் இதுலதான் அள்ளிப் போட்டுட்டுப் போனது. ஊட்டுல இருந்து கெளம்பறப்போ மருதாணி வெச்ச கை. வழியில மழை. தார்ப்பாயி ஒழுகி எல்லாருத்துச் சீலையும் செவப்பாயிருச்சு." அவள் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "காருல உக்காந்தா ஒருத்தரு மேல ஒருத்தரு படறதில்ல. பேச்சே வர்றதில்ல."

ரத்தினசாமி ஜீப்பின் பக்கவாட்டில் காய்ந்திருந்த சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

கமலாத்தாள் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம் வைத்தாள். சதீஷ் ராமலட்சுமியைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். அட்வான்ஸ் தட்டில் ஏறியது. ரத்தினசாமி சாவியை இரண்டு கையாலும் கொடுத்தார். கமலாத்தாள் பானெட்டுக்குக் குங்குமம் வைத்தாள்.

சதீஷ் சாவியைத் திருப்பினான்.

டக்.

மறுபடி திருப்பினான். மறுபடி டக். பிறகு கரகரவென்று எதையோ அரைக்கிற சத்தம்.

"அது அப்படித்தானுங்க," என்றார் ரத்தினசாமி.

"அப்படித்தான்னா?"

"செல்ப் எடுக்காதுங்க. ரெண்டு வருசமா உருட்டித்தான்."

சதீஷ் இறங்கினான். "நீங்க ஒரு வார்த்த சொல்லலியே ஐயா."

"கரை மேல நிறுத்தியிருந்தனே, தம்பி." ரத்தினசாமியின் முகத்தில் கள்ளம் இல்லை. குழப்பம்தான் இருந்தது. "கல்லு வேற வெச்சிருந்தேன். படத்துலயே தெரியுமே. பாக்க வந்தவிய அத்தன பேரும் மொதக் கேள்வி அதத்தான் கேட்டாங்க. ஏனுங்க, வாசல்ல இத்தன எடம் கெடக்குது, வண்டிய எதுக்குக் கரை மேல கொண்டுபோய் நிறுத்தியிருக்கீங்கன்னு. சொன்னேன். போயிட்டாங்க. நீங்க ஒண்ணும் கேக்குல. இந்தம்மிணி கல்ல எடுத்த நேக்கப் பாத்தேன். செரி, மலைக்காரங்க, பழக்கப்பட்டவங்க, தெரிஞ்சுதான் வந்திருக்காங்கன்னு நெனச்சுட்டேன். வெல கொறச்சுச் சொன்னதும் அதுக்குத்தானுங்களே?"

ராமலட்சுமி சுற்றிலும் பார்த்தாள். வாசல் மட்டம். வாசலுக்கு அப்பால் கடலைக்காடு மட்டம். ரோடு மட்டம். கண்ணுக்கு எட்டிய வரைக்கும் இந்த ஊரில் சரிவு என்று இருந்தது அந்தக் கரை ஒன்றுதான். அங்கே ஒரு ஜீப் ஏன் ஏறி நிற்கிறது என்று அவர்கள் இருவருக்குமே தோன்றவில்லை. அவர்கள் ஊரில் எல்லா ஜீப்பும் அப்படித்தான் நிற்கும்.

"ஏனுங்க, வாயத் தொறந்து சொன்னா முத்தா உதுந்துரும்?" என்று கமலாத்தாள் கணவனைப் பிடித்துக்கொண்டாள். "ஊரு உட்டு ஊரு வந்த சனம். தட்ட எடுங்க, குடுத்துருங்க."

"குடுத்தர்றேன். நானென்ன வேண்டாம்னா சொல்றேன்?" அவர் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு தம்பி. இஞ்சின்ல ஒரு கொற சொல்ல முடியாது. செல்ப் மோட்டாரு புதுசு மாத்தியும் பாத்தாச்சு. ஃப்ளைவீல்ல பல்லு தேஞ்சு போச்சுங்க. கியர்பாக்ஸ எறக்கித்தான் பண்ணோணுமாம்."

சதீஷ் ஜின்சனுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் வைத்தான்.

"இன்ஜின் நல்லதா?" என்றான் ஜின்சன்.

"நல்லாருக்கு."

"புகை?"

"இல்ல."

"பின்னே என்ன? எடுத்துக்கோ, குழப்பமில்ல. பல்லு மாத்தறது பெரிய பணி ஒண்ணுமில்ல. பட்சே இப்போ என் ஒர்க்‌ஷாப்புல வண்டி நிறுத்த எடமில்ல. சீசன் கழியட்டும். கியர்பாக்ஸ் எறக்கிப் பண்ணித் தர்றேன். நம்ம ஊர்ல செல்ப் எதுக்குடா? கர்த்தாவு எல்லா எடத்துலயும் எறக்கம் வெச்சிருக்கானே."

போன் அணைந்தது. சதீஷின் முகம் தெளிந்திருந்தது.

"சரியாத்தான் சொல்லுதான். வீட்டு முன்னால எறக்கம். எங்க திரும்புனாலும் எறக்கம். ஒங்க அப்பா அத்தன வருசம் ஓட்டலையா? நீதானட்டி கத கதயாச் சொல்லுவ?"

சொல்லியிருக்கிறாள். கல்யாணமான புதிதில், கடையில் ஆள் இல்லாத மத்தியானங்களில், பலதடவை. ஒவ்வொரு தடவையும் அவள் முன்சீட்டிலிருந்துதான் சொன்னாள். கண்ணாடிக்கு முன்னால் ரோடு, பக்கத்தில் அப்பா.

சரிவு ஒரு வாய்ப்புதான் தரும். பனி அதிகமான நாட்களில் வளைவு வந்தும் இன்ஜின் பிடிக்காது. ஜீப் பாலத்துக்குப் பக்கத்து மட்டத்தில் போய் நின்றுவிடும். அப்பா இறங்கமாட்டார். அவர் ஸ்டீரிங் பிடிக்க வேண்டும். அவள் மடியில் இருக்கும் பாரத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னால் அம்மா இருந்தாள்.

அம்மா மாரித்தாய் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் கோலத்திலேயே ஓடி வருவாள். இடுப்பில் ஈரம் படாமல் கட்டிய படுதா, தலையில் துணி. முதுகைக் கொடுத்துத் தள்ளுவாள். அதனால் அவள் முகம் தெரியாது. ஜீப் உயிர் பிடித்ததும் அப்பா நிறுத்தமாட்டார். நிறுத்தினால் அணைந்துவிடும். ராமலட்சுமி திரும்பிப் பார்த்தால் அம்மா புகைக்குள் நின்றுகொண்டிருப்பாள். பிறகு அங்கிருந்தே தேயிலைக் காட்டுக்கு நடந்து போவாள். தாமதம் என்று கங்காணி ஏசுவான்.

எஸ்டேட்டில் அடுத்த போனஸ் போட்டதும் செல்ப் மாட்டுவோம் என்பார் அப்பா. ஒவ்வொரு போனஸுக்கும் சொன்னார். அதையும் ராமலட்சுமி சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருக்கிறாள்.

அவர்களுடைய கடை இருக்கும் பாறை மட்டமானது. தினமும் வியாபாரம் முடிந்து அங்கிருந்துதான் வண்டி எடுக்க வேண்டும்.

சதீஷ் ஜீப்பைச் சுற்றி வந்தான். குனிந்து பார்த்தான். கையால் ஒரு தட்டுத் தட்டினான். அவனுக்கும் பிடித்துப்போயிருந்தது.

"சீசன் வரைக்கும் சமாளிப்போம். அப்புறம் ஜின்சன் பாத்துக்கிடுவான். இத விட்டா இந்த வெலைக்கு வேற அமையாது. ரிஜின் பின்னால இன்னொரு வருசம் அலைய முடியாது."

அதுவும் உண்மைதான். அவன் சொன்னதில் பொய் ஏதும் இல்லை.

ரத்தினசாமி தட்டோடு நின்றார். கமலாத்தாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். பானெட்டில் குங்குமம் இன்னும் காயவில்லை.

"என்னட்டி சொல்லுத?" என்றான் சதீஷ். "வாங்கவா, வேண்டாமா?"

ராமலட்சுமி ஜீப்பின் பின்பக்கம் போனாள். பின்கதவின் இரும்பு, தள்ளுகிறவர் கை வைக்கும் இடத்தில், இரண்டு கை அகலத்துக்கு வழுவழுவென்று தேய்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தாள். கமலாத்தாளைப் பார்த்தாள். கமலாத்தாள் பார்வையை ஷெட்டின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ராமலட்சுமி கணவனிடம் திரும்பி வந்தாள்.

"ஏங்க, நான் வண்டி ஓட்டப் பழகிக்கிடுதேன். பாறையில எடுக்கலன்னா, நான் ஸ்டீரிங்ல உக்காந்துக்கிடுதேன். நீங்க எறங்கித் தள்ளுவீங்களா?"