கள்ளுக்குள் போட்ட முத்து

கிரேசியைத் திருடி என்று தெருவுக்கே கேட்கக் கத்தியவள் நான்தான். பழியை வேறு யார் தலையிலும் போட மாட்டேன்.

நாற்பத்து நாலாம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தபசு காலம் தொடங்கிய அன்று, சங்கு குளிக்கப் போன என் வீட்டுக்காரர் மிக்கேல் வழியில் கிடைத்த சிப்பியில் இருந்த ஒரு முத்தை ஒளித்துக் கொண்டுவந்தார். மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. பாஸ்கு என்கிற ஈஸ்டர் முடிந்ததும் அவர் தங்கை கிரேசிக்குக் கல்யாணம். இதை விற்றுத்தான் நடத்த வேண்டும்.

ஒளித்த முத்தைத் தேடி வீட்டைச் சோதனை போட சர்க்கார் ஆள் வருவான். ஆனால் கள்ளுக் கலயத்துக்குள் எவன் கையை விடுவான்? பதநீருக்காகக் கலயத்தில் தடவியிருந்த சுண்ணாம்பு முத்தை வேகவைத்துவிடும் என்று பயந்து, நாரால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். தேனாக இனித்த புதுக்கள்ளை ஊற்றி, முத்தைப் போட்டு வாயைக் கட்டினேன். புளித்தால் புளிக்கட்டும், அந்த வாடைக்கு ஒருத்தனும் கிட்டே வர மாட்டான் என்று எனக்குப் பெருமை வேறு.

பாஸ்கு மறுநாள் கையை விட்டுத் துழாவினேன். வெறும் வழவழப்பு. ஐயோ, எனக்கு உயிரே போய்விட்டது! எங்களைத் தவிர வீட்டில் இருந்தவள் கிரேசி ஒருத்திதான்.

"ஏளா, எவனுக்குக் குடுத்த?"

மாதா சுரூபத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தாள். நான் காதில் வாங்காமல், திருடி என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். சாயங்காலமே மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் அழுதுகொண்டே மணப்பாட்டு அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் அந்தப் புளித்த கள்ளை முற்றத்தில் கொட்டினேன். அங்கே கிடந்த சிப்பித் தூள் சொர்ரென்று நுரைத்துப் பொங்கியது. முத்தும் இப்படித்தான் போயிருக்குமோ? அடுத்த தெருக் கம்பவுண்டர் சுந்தர்சிங்கிடம் ஓடினேன்.

"இனிப்புதான் நாளாக ஆக ஆசிடா மாறுது. முத்தும் சிப்பி மாதிரி சுண்ணாம்புதாம்மா. நாப்பது நாள்ல ஆசிட் அதத் தின்னுரும்."

"கலயத்துல சுண்ணாம்பு இருந்திருந்தா?"

"கள்ளு புளிச்சே இருக்காது. முத்தும் அப்படியே இருந்திருக்கும்."

பாவி, என் கையாலேயே தேய்த்துக் கழுவினேனே!

மணப்பாட்டுக்குப் போய் கிரேசி காலில் விழுந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மீன் அரிந்துகொண்டிருந்தவள் எழுந்திருக்கவில்லை.

"முத்து கரஞ்சிட்டுன்னு கள்ளு சொன்னத உடனே நம்பிட்டியளே, மதினி. நான் எடுக்கலன்னு மாதாவத் தொட்டுச் சொன்னேனே, அத ஏன் நம்பல?"