அப்பா உடுத்திய கில்ட்

மலைநாடு என்றால் குளிர் என்று கொழும்பில் யாரோ உட்கார்ந்துகொண்டு முடிவு செய்துவிட்டார்கள். அவர்களைச் சித்திரை மாதத்தில் ஒருநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கள் பங்களா வாசலில் நிறுத்தி வைக்க வேண்டும். இறம்பொடையைத் தாண்டிக் கீழே இறங்கினால் குளிர் பாதி வழியிலேயே நின்றுவிடும். எங்கள் தோட்டம் பள்ளத்தில் இருக்கிறது. கீழே அணைக்கட்டுத் தண்ணீர். மேலே பின்னேர மழைக்காகத் திரண்டு நிற்கும் மேகம். நடுவில் ஓர் இலைகூட அசையாது. சும்மா நின்றாலே முதுகில் வேர்வை ஓடும்.

அந்த வாசலில்தான் என் அப்பா நிற்கிறார். பெயர் சோலைமலை. தோட்டத்தில் தேயிலைச் செடிகளை மட்டமாகக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவர். பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கியபோது, உயரமும் பெரிய மீசையும் இருந்ததால் அவரை வாசல் வேலைக்கு எடுத்தார்கள். வாகனம் வந்தால் கதவைத் திறப்பார், குடை பிடிப்பார், கும்பிடுவார். அவருடைய மகள் நான், அதே பங்களாவின் பின்பக்கம் உடுப்புக் கழுவுகிற அறையில் இருக்கிறேன். எனக்குப் பத்தொன்பது வயது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். எழுந்து பதில் சொல் என்றால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். கழுவுகிற அறையில் யாரும் என்னிடம் பதில் கேட்பதில்லை.

பங்குனியில் ஆறு கில்ட்டுகள் வந்தன. காலைப் பெரட்டில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, சூப்பர்வைசர் நிரோஷன் ஒன்றை விரித்துக் காட்டினார்.

"இந்தப் பங்களாவ கட்டின தொர ஸ்கொட்லாந்துக்காரரு. இனிமே வாசல்ல நிக்கிற ஆம்பளைங்க எல்லாம் இதத்தான் உடுத்தணும்."

"என்னாங்க இது, பாவாடையா?" என்று அப்பா கேட்டார்.

"பாவாடை இல்ல சோலைமலை. கில்ட். வெளிநாட்டுல ராஜா எல்லாம் உடுத்துறது."

சோலைமலை! நிரோஷன், தோட்டத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு மேல் லயத்துக்காரர். அவருடைய அம்மாவும் என் அம்மாவும் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கிறார்கள். லயத்துப் பக்கம் கண்டால் அப்பாவை "மாமா, மாமா" என்பார். பங்களா கேட்டைத் தாண்டி டையைக் கட்டியதும் மாமா காணாமல் போய்விடுவார். வெறும் சோலைமலைதான்.

கில்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சிவப்பும் பச்சையும் கட்டம் போட்ட துணி, கம்பளிப் போர்வையைப் போலத் தடிப்பு. பின்பக்கம் முழுக்க மடிப்பு மடிப்பாக இருந்தது. உள்ளே வழவழவென்று நைலோன் துணியை வைத்துத் தைத்திருந்தார்கள். அதோடு முழங்கால் வரை கம்பளிக் காலுறை. தைத்தவர் ஒரு நாள்கூட வேர்த்து அறியாதவராக இருக்க வேண்டும்.

முதல் நாளே கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்த பெண்கள் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டார்கள்.

"ஏன் மாமா," என்று லோஜினி அக்கா சத்தமாகக் கேட்டாள். "அத்தை பாவாடைய நீங்க கட்டிட்டு வந்துட்டா, அத்தை என்னத்த கட்டும்?"

"காத்தடிக்காம பாத்துக்கங்க மாமா!" என்றாள் இன்னொருத்தி.

எல்லோரும் கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் அவருடைய கை கில்ட்டின் முன்பக்கத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. அவர்கள் மலைப்பாதையில் திரும்பி மறையும் வரை அந்தக் கை விலகவில்லை.

மூன்றாம் நாள் கழுவுவதற்கு வந்த உடுப்பில், கில்ட்டோடு அப்பாவின் கறுப்பு நீளக் காற்சட்டையும் இருந்தது. முழங்காலுக்கு மேலே சுருட்டி ஊசி குத்திய ஓட்டைகள். இடுப்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. தொடைகள் உரசுகிற இடத்தில் இரத்தக் கறை. வெட்கத்தில் மனிதர் கில்ட்டுக்குள்ளே காற்சட்டையைச் சுருட்டிப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். அந்த வெயிலில்!

அப்பாவிடம் தொடையைப் பற்றி எப்படிக் கேட்பது? நான் கேட்கவில்லை. கறையில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். அடுத்த நாளும் தேய்த்தேன். அதற்காக என் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை அப்பா விழுந்தார். ஒரு வான் நிறைய விருந்தாளிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். குடையை விரித்தவர் அப்படியே பக்கவாட்டில் சரிந்தாராம். நான் ஓடிப் போனபோது கல்படியில் கிடந்தார். முகம் சிவந்து, உதடு காய்ந்து இருந்தது. நான் தண்ணீர் தெளித்தேன். பெரிய மனேஜர் வெளியே வந்தார். அவர் சிங்களவர், கொழும்புக்காரர். அவரிடம் நிரோஷன் சொன்னதை என் காதால் கேட்டேன்.

"பீலா இன்னே சேர்."

குடித்திருக்கிறார் என்று. அதோடு விடவில்லை. சுற்றி நின்ற வேலைக்காரர்கள் பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னார்: "ராத்திரி போட்டது இன்னும் எறங்கல போல!"

எல்லோரும் சிரித்தார்கள். என் அப்பா வாழ்க்கையில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. தேத்தண்ணியில் சாயம் கூடினாலே முகத்தைச் சுளிக்கிறவர். லயத்து ஆம்பிளை விழுந்தால் குடித்துத்தான் விழுவான் என்பது எல்லோருக்கும் எவ்வளவு வசதி! லயத்தில் பிறந்த நிரோஷனுக்கே அது வசதியாக இருந்ததே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. பொய் என்று சொல்லத் தொண்டை வரை வந்தது. வழக்கம் போல அங்கேயே நின்றுவிட்டது.

பெரிய மனேஜர் அப்பாவுக்குச் சொல்லச் சொன்னதை நிரோஷன் சொன்னார். சனிக்கிழமை பெரிய விருந்து. பங்களா கட்டிய துரையின் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். பதினொரு மணியிலிருந்து இரண்டு மணி வரை வாசலில் நிற்க வேண்டும். அன்றைக்கும் விழுந்தால் அப்பா இனிப் பங்களாப் பக்கம் வர வேண்டியதில்லை.

நாங்கள் வீட்டுக்குப் போகும் முன்பே கதை லயத்துக்குப் போய்விட்டது.

"குடிச்சீங்களாமே?" என்று அம்மா கேட்டார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார்.  சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். இத்தனை வருடம் கூட இருந்த அம்மாவே கேட்டுவிட்டாரே! "இல்லம்மா" என்று நான் சொல்லியிருக்கலாம். காற்சட்டைக் கதையையும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை, அடுத்த நாள் விருந்துக்காகக் கழுவிய அப்பாவின் கில்ட் கழுவுகிற அறை மேசைமேல் கிடந்தது. ஆத்திரத்தோடு அதை மடித்துக்கொண்டிருந்தபோதுதான் நினைவு வந்தது. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நானும் ஒரு வருடம் கொழுந்து எடுத்திருக்கிறேன். படங்கு கட்டியிருக்கிறேன். தேயிலைச் செடியின் வாதுக் குச்சி கிழிக்காமல் இருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற சாக்கு, இல்லாவிட்டால் தடித்த பிளாஸ்டிக் துணி. அதுவும் முழங்காலைத் தாண்டும். அதுவும் காற்றை விடாது. அதைக் கட்டிக்கொண்டுதான் ஐந்நூறு பெண்கள் இந்த வெயிலில் நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிறார்கள். ஒருத்தியும் விழுவதில்லை. ஏனென்றால் அதற்கு ஒரு விதம் இருக்கிறது.

இடுப்பெலும்பில் இறுக்கக் கூடாது. இறுக்கினால் பத்து மணிக்குள் தோல் உரிந்துவிடும். தொப்புளுக்கு மேலே தூக்கிக் கட்ட வேண்டும். முதுகுப் பக்கம் இரண்டு விரல் போகிற அளவுக்கு இடம் விட வேண்டும். நடக்கும்போது அந்த வழியாகத்தான் சூடு வெளியேறும். உள்ளே துவைத்துத் துவைத்து நைந்துபோன பருத்திச் சேலைத்துண்டு ஒன்று மட்டும். தொடையில் தேங்காய் எண்ணெய். அவ்வளவுதான்.

பிளேடை எடுத்தேன். கில்ட்டின் நைலோன் உள்துணியைத் தையல் தையலாகப் பிரித்து உருவி வெளியே போட்டேன். முன்பக்கம் இரண்டு சுற்றாக வருகிற இடத்தில், கண்ணுக்குத் தெரியாத அடிச்சுற்றில் பாதியைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு, அறையில் கிடந்த அப்பாவின் பழைய பருத்திச் சாரத்தை வைத்துத் தைத்தேன். பக்கிள்களை மேலே ஏற்றினேன். கம்பளிக் காலுறையின் பாதத்தை வெட்டி எறிந்தேன். வெளியே தெரிவது கெண்டைக்கால் மட்டும்தானே. அதே சாரத்தில் இடுப்பில் முடிச்சுப் போடுகிற மாதிரி ஒரு குட்டை உள்ளுடுப்பும் தைத்தேன். காற்றிலே பறந்தாலும் மானம் போகாது. பங்களாச் சொத்தை வெட்டினேன் என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்று யோசிக்கவே இல்லை. கத்தரிக்கோல் போன வேகத்தில் என் விரல்கூடப் போயிருக்கும்.

பகல் சாப்பாட்டுக்கு வந்த அப்பா பார்த்துவிட்டுப் பயந்துபோனார்.

"என்னாடி செஞ்சிருக்க? காச்சட்டை இல்லாம நான் எப்படி நிக்கிறது? லோஜினி கூட்டம் என்னைய உயிரோட உரிச்சிடுவாங்க."

 கில்ட்டை எடுத்து என் பாவாடைக்கு மேலே, படங்கு கட்டுகிற மாதிரி மேலே தூக்கிக் கட்டினேன். முதுகில் இரண்டு விரலை விட்டுக் காட்டினேன். கால்களை அகட்டி நின்றேன். குனிந்தேன், நிமிர்ந்தேன், அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தேன். அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"இது படங்கு கட்டுற மாதிரில்ல இருக்கு," என்றார்.

அப்போதுதான் வெடித்தது.

"ஆமா! அம்மா இருபத்தஞ்சு வருசமா இப்படித்தான் நிக்கிது. எப்படி நிக்கிதுன்னு ஒரு நாள் கேட்டிருப்பீங்களா? பொம்பளைங்க சிரிச்சிட்டாங்கன்னு உங்களுக்கு மூணு கிழமையில ரோசம் வந்துருச்சு. வெட்கப்பட்டு விழுந்து குடிகாரன்னு பேரெடுக்கிறதுக்குப் பதிலா, நிமுந்து நில்லுங்கப்பா!"

நான் அப்பாவிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.   அப்பா எண்ணெய்ப் போத்தலைத் தாவென்று கையை நீட்டினார்.

சனிக்கிழமை வெயில் கண்ணைக் குத்தியது. அணைக்கட்டிலிருந்து ஆவி எழும்பியது. கழுவுகிற அறையின் கோடி ஜன்னலில் எட்டிப் பார்த்தால் வாசல் தெரியும். பதினொன்றுக்கு அப்பா கால்களை அகட்டி நின்றார். பன்னிரண்டுக்கும் நின்றார். வான்கள் வந்தன. குடை விரிந்தது, மடங்கியது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த லோஜினி அக்கா கேட்டில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"என்னா மாமா, இன்னைக்கு ராஜா கணக்கா நிக்கிறீங்க?"

"படங்கு கட்டிப் பழகிட்டேன்," என்றார் அப்பா, தலையைத் திருப்பாமல்.

படம் எடுக்கிற நேரத்துக்கு எல்லா ஆண்களும் கில்ட்டில் வர வேண்டும் என்று பெரிய மனேஜர் சொல்லியிருந்தார். நிரோஷனும் உடுத்திக்கொண்டு வந்தார். இடுப்பெலும்பில் இறுக்கிய பெல்ட். மேலே கறுப்புக் கோட். உள்ளே, அப்பாவைப் போலவே, சுருட்டிய காற்சட்டை. நடையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. துரையின் பேரப்பிள்ளைகளோ மெல்லிய அரைக் காற்சட்டையும் டீசேட்டுமாக நின்றார்கள். அவர்களில் ஒருவர்கூடக் கில்ட் உடுத்தவில்லை.

ஒன்றே கால் இருக்கும். நிரோஷன் இரண்டு தடவை நெற்றியைத் துடைத்தார். மூன்றாம் தடவை கை நெற்றிக்குப் போகவில்லை. அப்படியே மடிந்தார். கீழே விழுமுன் அப்பா ஓடிப் பிடித்துவிட்டார். பிடித்துப் படியில் சாய்த்து, குடையை அவர் முகத்துக்கு நிழலாகப் பிடித்தார்.

கேட்டுக்கு வெளியேயிருந்து லோஜினி அக்காவின் குரல் கணீரென்று கேட்டது.

"ஐயையோ, தம்பி ராத்திரி போட்டது இன்னும் எறங்கல போல!"

இந்தத் தடவை சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

மாலையில் நிரோஷன் தன் கில்ட்டைச் சுருட்டிக்கொண்டு என் அறை வாசலுக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"பூரணி, மாமாவோடதுல நீ என்னமோ செஞ்சிருக்கியாமே. பெரிய சேரும் கவனிச்சிட்டாரு. ஒன்னும் சொல்லல. எல்லாத்தையும் அப்படியே மாத்தச் சொல்லிட்டாரு. இனிமே நானும் தெனமும் உடுத்தணுமாம். மொதல்ல என்னோடத செஞ்சு குடு."

 மடித்துக்கொண்டிருந்த துணியை மேசையில் வைத்தேன்.

"மொதல்ல அப்பா குடிக்கலன்னு சொல்லுங்க."

"அது... நான் சேருக்கு சிங்களத்துல சொல்லிடுறேன்."

"தமிழ்ல சொன்னீங்களே, பெரட்டுல நிக்கிற அத்தன பேருக்கும் முன்னுக்கு. அதே மாதிரி தமிழ்ல சொல்லணும்."

"பெரிய ஆளாயிட்ட!" என்று முறைத்துவிட்டுப் போனார். கில்ட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். நான் அதைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலும் அது அப்படியே கிடந்தது. அன்றைக்கு அவர் அதே மேசையிலிருந்து எடுத்து உடுத்திக்கொண்டு, பகல் முழுக்கக் காலை அகட்டி அகட்டி நடந்தார். சாயந்தரம் திரும்பக் கொண்டுவந்து போட்டார். நான் தலையைக்கூடத் தூக்கவில்லை.

திங்கட்கிழமை காலைப் பெரட்டு. வரிசையில் அப்பா இரண்டாவதாக நின்றார். நிரோஷன் வேலைகளைப் பிரித்துக் கொடுத்து முடித்தார். பிறகு காலில் போட்டிருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"செவ்வாக்கெழம மாமா குடிக்கல. வெயிலுக்குத்தான் விழுந்தாரு. நான் சொன்னது பொய்."

யாரும் சிரிக்கவில்லை.  அப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் போனார். அந்தச் சொல் எங்கள் லயத்துக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் எடுக்கும் என்று தெரியாது. குடித்தார் என்ற கதை பறந்து போனது. இது நடந்துதான் போகும். சாயந்தரம் அம்மாவுக்கு நானே சொல்வேன், தொடையில் இருந்த இரத்தத்தையும் சேர்த்து.

நான் அறைக்கு வந்து பிளேடை எடுத்தேன். நிரோஷனின் கில்ட்டில் முன்பக்க உள்துணியை மட்டும் பிரித்தேன். சூடு வெளியேற வேண்டிய பின்பக்கத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

கொஞ்ச நாள் வேர்க்கட்டும்.